தனி வரியில் நிற்கும் 2.9: முதுநிலைப் படிப்பில் சறுக்கியபின் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்த அனுபவம்

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் மருத்துவப் படிப்பு பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு யோசனை தவறாமல் வந்து விழும்: "இளங்கலையில் மார்க் குறைந்துவிட்டதா? ஒரு மாஸ்டர்ஸ் படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." என் பெரியப்பாவும் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறார். என் சிக்கல் வேறு மாதிரியானது. இளங்கலையில் எனக்கு ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.6. அடிவாங்கியது அதன்பின் சேர்ந்த உயிர்வேதியியல் முனைவர் படிப்பில். முனைவர் பட்டத்தைக் கைவிட்டு, முதுகலைப் பட்டத்தோடு அங்கிருந்து வெளியே வந்தபோது என் முதுநிலை ஜிபிஏ 2.9.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தேன். முதல் சுற்றில் எந்தக் கல்லூரியும் நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை. பிறகு இடம் கிடைத்தது; இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இடையில் நான் கற்றுக்கொண்டது, இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அங்கே நீட் மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்த பிறகே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். எம்காட் என்ற நுழைவுத்தேர்வு உண்டு. ஆனால் அதோடு சேர்த்து, கல்லூரிக் காலம் முழுவதும் நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் பார்ப்பார்கள். எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம்தான் வாசல். தோற்ற பாடம், பாதியில் விட்ட பாடம், மறுபடி படித்த பாடம் என எதையும் மறைக்க முடியாது. நீங்கள் நிரப்பியதைக் கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுச் சரிபார்த்து, ஆம்காஸ் தன் கணக்குப்படி ஜிபிஏ போடும்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சரிபார்ப்பு முடிந்தபின் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்து ஒரு பத்தி. மற்ற பாடங்கள் ஒரு பத்தி. மொத்தம் ஒரு பத்தி. மேலிருந்து கீழாக முதலாண்டு, இரண்டாமாண்டு என்று இறங்கி, பட்டம் பெற்றபின் படித்த இளங்கலைப் பாடங்களுக்கு ஒரு வரி, இளங்கலை மொத்தத்துக்கு ஒரு வரி. அதற்கும் கீழே முதுநிலைப் படிப்புக்கு என்று தனியாக ஒரு வரி. இளங்கலை மொத்தத்தில் அது கலப்பதே இல்லை. என் அட்டவணையில் 3.6க்குக் கீழே 2.9 தன்னந்தனியாக நின்றது. அதில் இருந்த பாடங்கள் அத்தனையும் அறிவியல் பாடங்கள் என்பதால் அறிவியல் பத்தியிலும் அதே எண், மொத்தத்திலும் அதே எண்.

ஆக, இளங்கலை மார்க்கை மாஸ்டர்ஸ் தூக்கிவிடும் என்ற கணக்கு ஆம்காஸில் செல்லாது. அதே போல, மோசமான மாஸ்டர்ஸ் நல்ல இளங்கலை மார்க்கைக் கீழே இழுத்துவிடாது. ஆனால் அதை வேறு எதோடும் கலந்து நீர்க்கச் செய்யவும் முடியாது. புதிதாக எத்தனை இளங்கலைப் பாடங்களில் ஏ வாங்கினாலும் அந்த வரி அசையாது.

முதுநிலையில் 2.9 என்பது கேட்பதற்குச் சுமாராக ஒலிக்கும். உண்மையில் அது மோசம். அமெரிக்க முதுநிலைப் படிப்புகளில் பி என்பதே தேர்ச்சிக்கான தரையாகக் கருதப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் 3.0க்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். இளங்கலையில் சி பிளஸ் வாங்கினால் "அந்தப் பாடம் வரவில்லை போல" என்று விட்டுவிடுவார்கள். முதுநிலையில் வாங்கினால் தோல்விக்குச் சமமாகப் படிப்பார்கள். எனக்கு இரண்டு சி பிளஸ் இருந்தன.

ஏன் இப்படி ஆனது என்பதில் ஒரு பொது உண்மை இருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும். முனைவர் படிப்புகளில் பாட மதிப்பெண்ணுக்கு மரியாதை குறைவு. என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர். ஆனால் முதல் மாதமே, "பாடத்தில் பி வந்தால் போதும், நேரத்தை ஆய்வகத்தில் போடு" என்று சொல்லிவிட்டார். மூத்த மாணவர்களும் அதையே சொன்னார்கள். ஆராய்ச்சியாளராகப் போகிறவருக்கு அது சரியான அறிவுரைதான். ஆய்வுக் கட்டுரைதான் அவருக்கு வேலை வாங்கித் தரும். எந்தப் பேராசிரியர் பணிக்கும் புள்ளியியலில் என்ன கிரேடு என்று யாரும் கேட்கப்போவதில்லை. நான் இரவு ஒன்பது மணிக்குப் புரத மாதிரிகளை ஜெல்லில் ஏற்றிவிட்டு, அது ஓடி முடிவதற்குள் மறுநாள் தேர்வுக்குப் புரட்டிப் பார்த்த நாட்கள் உண்டு. அங்கே யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரித் தேர்வுக் குழுவோ அந்தப் பண்பாட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது கிரேடு மட்டுமே. இப்போது முனைவர் படிப்பில் இருந்துகொண்டு மருத்துவத்தையும் மனதில் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் பேராசிரியர் என்ன சொன்னாலும் பாடங்களைக் கைவிடாதீர்கள். அவர் உங்களை மதிப்பிடும் அளவுகோல் வேறு, பின்னால் உங்களை மதிப்பிடப்போகிறவர்களின் அளவுகோல் வேறு.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஆம்காஸ் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: எந்தக் கல்லூரியாவது உங்கள் மீது நடவடிக்கை எடுத்ததுண்டா? பெரும்பாலோர் இதை ஒழுங்கு மீறல் பற்றிய கேள்வி என்று நினைத்து 'இல்லை' போட்டுவிட்டு நகர்கிறார்கள். படிப்பில் போதிய தேர்ச்சி இல்லாததற்கான நடவடிக்கையும் அதில் அடங்கும். டிரான்ஸ்கிரிப்ட்டில் பதிவாகாமல் இருந்தாலும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு செமஸ்டர் எச்சரிக்கைக் காலம் இருந்தது. 'ஆம்' என்று போட்டு, 1325 எழுத்துகளுக்குள் விளக்கம் எழுதினேன். உங்களுக்கு அப்படி ஏதாவது கடிதம் வந்திருந்தால், அது முறையான நடவடிக்கையா என்று பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை மன்னிப்பார்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமே பறிபோகும்.

முதல் சுற்று கைவிட்டபின் நான் செய்த மிகப் பயனுள்ள காரியம், நிராகரித்த கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் எழுதி, என் விண்ணப்பத்தில் என்ன குறை என்று கேட்டது. பெரும்பாலானவை பதில் தரவில்லை. ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண்மணி தொலைபேசியில் பேசினார். என் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். தாள் புரட்டும் ஓசை கேட்டது. எம்காட்டில் 513 வாங்கியிருக்கிறேனே, ஆய்வுக் கட்டுரையில் பெயர் இருக்கிறதே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இளங்கலையைப் பார்த்தால் உங்களால் முடியும் என்று தெரிகிறது. முதுகலையைப் பார்த்தால் முடியாது என்று தெரிகிறது. இரண்டில் முதுகலைதான் பிந்தியது. அதற்குப் பின்னால் உங்கள் கோப்பில் ஒன்றுமே இல்லையே" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது. என் குறை 2.9 மட்டும் அல்ல. 2.9தான் என்னைப் பற்றிய கடைசிச் செய்தி என்பதே குறை. அந்த வரியை மாற்ற முடியாது. அதற்குப் பின்னால் வேறு ஒரு வரி எழுத முடியும்.

எப்படி எழுதுவது? இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்று அழைக்கப்படும் ஓராண்டுப் படிப்பு. மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களையோ அவற்றுக்கு ஈடானவற்றையோ அங்கே படிக்கலாம். சில இடங்களில் மருத்துவ மாணவர்களோடு ஒரே தேர்வையே எழுதலாம். நன்றாகச் செய்தால் மிக வலுவான சான்று. ஆனால் கட்டணம் அதிகம், பெரும்பாலும் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். அங்கே பி மைனஸ் வாங்கினால் மீள்வது கடினம். மேலும் அந்த மதிப்பெண்கள் அதே முதுநிலை வரியில் போய்ச் சேரும். ஏற்கெனவே இரண்டு ஆண்டுப் பாடங்கள் உறைந்து கிடக்கும் வரி மெல்லத்தான் ஏறும்.

இரண்டாவது வழி, நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலை இளங்கலைப் பாடங்களை மாலை நேரத்தில் படிப்பது. போஸ்ட்-பாக் என்பார்கள். இவை இளங்கலை மொத்தத்தில் சேரும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்வாசிக் கட்டணத்தில் படித்தால் செலவும் குறைவு. நான் இதைத்தான் தேர்ந்தேன். பகலில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை. மாலையில் உடலியங்கியல், நோயெதிர்ப்பியல், உயிரணு உயிரியல், பிறகு புள்ளியியல். புள்ளியியலை வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டேன், முதுநிலையில் சி பிளஸ் வாங்கியது அதில்தான். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் எடுத்து ஏ வாங்கினால் குழு அசராது. மருத்துவக் கல்லூரியில் ஒரே நேரத்தில் பல பாடங்கள் தலையில் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கடைசி ஆண்டில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு பாடங்களைக் கூட்டினேன். வருமானம் குறைந்தது. அம்மா அப்பா வீட்டு மாடியறைக்குத் திரும்பினேன். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இளங்கலை ஜிபிஏவே குறைவாக இருப்பவருக்கு இந்த வழி இரட்டைப் பயன் தரும். இளங்கலை நன்றாக இருந்து முதுநிலை மட்டும் சரிந்தவருக்கு எண் பெரிதாக மாறாது, என் 3.6 இம்மியளவுதான் உயர்ந்தது. மாறியது வரிசை. டிரான்ஸ்கிரிப்ட்டைத் தேதி வாரியாகப் படிக்கும் ஒருவருக்குக் கடைசியாகக் கண்ணில் படுவது ஏ, ஏ, ஏ.

எம்காட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 472 முதல் 528 வரை மதிப்பெண். அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 511, 512 என்ற அளவில் இருக்கிறது, இளங்கலை ஜிபிஏ சராசரி 3.7க்கும் மேலே. ஆண்டுக்குச் சுமார் ஐம்பதாயிரம் பேர் விண்ணப்பித்து, சுமார் 23 ஆயிரம் பேர் சேர்கிறார்கள். நல்ல எம்காட் மதிப்பெண் உங்கள் கோப்பைத் திறக்க வைக்கும். ஒரு நாள் தேர்வு இரண்டு ஆண்டு மதிப்பெண்ணுக்கு ஈடாகாது என்பதை முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டேன். மதிப்பெண் காலாவதியாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பல கல்லூரிகள் சுமார் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதை ஏற்பதில்லை. பாடங்களைச் சரிசெய்ய நீண்ட காலம் எடுப்பவர்கள் தேர்வைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

பரிந்துரைக் கடிதத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். சரிவர முடியாத இடத்துப் பேராசிரியரிடம் போய் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் முதுநிலைப் படிப்பு கோப்பில் இருந்து, அங்கிருந்து ஒரு கடிதமும் இல்லையென்றால், அந்த வெற்றிடமே பேசும். நான் என் வழிகாட்டியைச் சந்தித்து நேராகவே கேட்டேன்: "சார், என் கிரேடு ஏன் அப்படி இருந்தது என்று நீங்கள் எழுத முடியுமா?" அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, தன் துறையில் மாணவர்களுக்கு ஆய்வகமே முதன்மை என்று சொல்லப்படுகிறது என்றும், நான் அதை ஏற்று நடந்தேன் என்றும், ஆய்வேட்டை முறையாக முடித்தேன் என்றும் எழுதித் தந்தார். இந்த விளக்கத்தை நானே எழுதினால் சாக்குப்போக்கு. அவர் எழுதினால் சாட்சி. கடிதத்தில் இன்னதைக் குறிப்பிடுங்கள் என்று கேட்பது அத்துமீறல் இல்லை. இன்னும் படிப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருபவர்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை, சேருவதற்குள் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும். மதிப்பெண் குறைந்திருந்தாலும் முடித்த பட்டமே மேல்.

அடுத்து, விளக்கம். ஆம்காஸில் 5300 எழுத்துகளில் ஒரு தன்விளக்கக் கட்டுரை உண்டு. அதை மதிப்பெண்ணுக்கு வக்காலத்து வாங்கச் செலவிடாதீர்கள். ஏன் மருத்துவம் என்பதற்கான இடம் அது. மதிப்பெண் விளக்கத்துக்கு, ஆம்காஸுக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி விண்ணப்பங்கள் இருக்கின்றன. படிப்பில் ஏற்பட்ட இடர்ப்பாடு பற்றிப் பல கல்லூரிகள் அங்கே நேரடியாகவே கேட்கும். முதல் சுற்றில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். துறையில் பேராசிரியர் மாறியது, கருவி பழுதானது, தேர்வு அட்டவணை மாறியது என எல்லாம் அதில் இருந்தன. எல்லாமே உண்மை. படிப்பவருக்கோ ஒரே புலம்பலாகத்தான் கேட்டிருக்கும். அடுத்த சுற்றில் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்:

"முனைவர் படிப்பின் தொடக்கத்தில் என் நேரத்தின் பெரும்பகுதியை ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். அதனால் இரண்டு பாடங்களில் சி பிளஸ் பெற்று, ஒரு செமஸ்டர் எச்சரிக்கைக் காலத்தில் இருந்தேன். ஆய்வேட்டை முடித்துப் பட்டம் பெற்றேன். அதன்பின் வேலை பார்த்துக்கொண்டே உடலியங்கியல், நோயெதிர்ப்பியல், உயிரணு உயிரியல், புள்ளியியல் படித்து அனைத்திலும் ஏ பெற்றேன். வாரத்தில் எந்த மணி எதற்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிப் படிக்கும் முறையை அப்போது அமைத்துக்கொண்டேன், இன்றும் அதையே பின்பற்றுகிறேன்."

நடந்தது, எவ்வளவு காலம், பிறகு என்ன மாறியது, அதற்குச் சான்று என்ன. பெயரடைகளே வேண்டாம். சான்று இல்லாமல் முதல் மூன்றை மட்டும் எழுதினால் பயனில்லை. அதனால்தான் பாடங்கள் முதலில், விளக்கம் பிறகு.

கல்லூரிப் பட்டியல் போடுவதில் உணர்ச்சிக்கு இடம் தரக்கூடாது. 2025 சேர்க்கைச் சுற்றில் ஆம்காஸ் கட்டணம் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதற்கு மேல் செகண்டரிக் கட்டணம் தனி. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது, விண்ணப்பிக்கும் முன்பே அதற்கு மனுச் செய்ய வேண்டும். எம்சார் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் உள்மாநிலத்தவர் எத்தனை பேரை, வெளிமாநிலத்தவர் எத்தனை பேரை எடுத்தது என்று பார்க்கலாம். மாநிலக் கல்லூரிகள் தம் மக்களுக்கே முன்னுரிமை தரும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களுக்காக நடத்தும் கல்லூரியில் நியூ ஜெர்சிக்காரர் பணத்தைக் கொட்டுவதில் பொருளில்லை. சொந்த மாநிலக் கல்லூரிகள் அனைத்துக்கும் கட்டாயம் போடுங்கள்.

டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளை நம்மவர்கள் ஏனோ இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் கோபமே உண்டு. அங்கே படித்து வருபவர்களும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்கள். 2020 முதல் இரு தரப்புக்கும் பயிற்சி மருத்துவ இடங்களுக்கான (பட்டத்துக்குப் பிந்தைய ரெசிடென்சி) அங்கீகார முறை ஒன்றே. அங்கே ஆகோமாஸ் என்ற தனி விண்ணப்பம். மறுபடி படித்தால் பழைய கிரேடு மறைந்துவிடும் என்று மூத்தவர்கள் யாராவது சொன்னால், அது 2017க்கு முந்திய விதி. இப்போது இரண்டும் கணக்கில் வரும்.

கரீபியன் தீவுகளின் கல்லூரிகள் பற்றி உறவினர்கள் பேசுவார்கள். சேர்வது எளிது, வெளியே வருவது எளிதல்ல. 2024இல் பயிற்சி மருத்துவ இடம் கிடைத்தவர்கள் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் சுமார் 93 விழுக்காடு, டி.ஓ. மாணவர்களில் சுமார் 92. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் சுமார் 67. இடைவெளியை நீங்களே பாருங்கள். இன்னும் ஓராண்டு பாடம் படித்து இங்கேயே முயல்வது மேல் என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்பம் மே மாத இறுதியை ஒட்டிச் சமர்ப்பிக்கத் திறக்கும். பலவீனமான கோப்பு உள்ளவர் அந்த முதல் வாரங்களிலேயே சமர்ப்பித்துவிட வேண்டும். சரிபார்ப்புக்கு நெரிசல் காலத்தில் வாரக்கணக்கில் ஆகும். கல்லூரிகளோ விண்ணப்பங்கள் வர வர நேர்காணல் இடங்களை நிரப்பிக்கொண்டே போகும்.

நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. வயதில் மூத்த மருத்துவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "இந்த சி பிளஸ் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். எழுதியிருந்ததையே ஒரு நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்தினேன். நிறுத்துவதுதான் கடினம், எதிரில் இருப்பவர் மௌனமாக இருந்தால் மேலும் மேலும் விளக்கத் தோன்றும். அந்த மௌனத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அவர் தலையசைத்துவிட்டு, மருத்துவமனை வேலையில் நான் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். மீதி நேரம் முழுக்க அதுதான் பேச்சு.

அந்தக் கல்லூரி என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. பட்டியல் நகர்வது பெரும்பாலும் ஏப்ரல் 30க்குப் பிறகுதான்; பல இடங்களில் அனுமதி கிடைத்தவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டிய நாள் அது. கல்லூரி அனுமதித்தால் அதற்குச் சற்று முன்னதாகப் புதிய செய்தியோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். வெறும் ஆர்வக் கடிதம் வேண்டாம். நான் அந்த வசந்தகால செமஸ்டரின் இடைத்தேர்வு மதிப்பெண்களை இணைத்து, வந்தால் கட்டாயம் சேருவேன் என்று எழுதினேன். மே மாதத்தில் அழைப்பு வந்தது. சேரும் முன் எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். முதுகலை படித்த இடத்தில் கட்டணப் பாக்கி ஏதும் இருந்தால் அனுப்பாமல் நிறுத்திவைக்கக்கூடும், ஆகவே அதை முன்பே தீர்த்துவிடுங்கள்.